வேகம் கூட்டினால் வண்டி உதறுகிறதா?

தோட்டத்தில் ஐம்பது பெட்டித் தக்காளி ஏற்றியாயிற்று. மண் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து வந்த பிக்கப் வண்டி தார்ச்சாலையில் ஏறுகிறது. ஓட்டுபவர் இரண்டாவது கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். வண்டி முன்னே பாய்வதற்குப் பதிலாக உடம்பெல்லாம் உதறுகிறது. இருக்கை நடுங்குகிறது, பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கின்றன. காலைச் சற்று எடுத்தால் உதறல் நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி உதறல்.

ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறியும் பரமத்தி வேலூருக்கு வாழைத்தாரும் கொண்டு போகும் சிறு விவசாயிகளுக்கு இது பழகிப்போன தொல்லை. உதறும் வண்டியில் அடிப்பெட்டித் தக்காளி கசிந்துவிடும். சந்தையில் பெட்டியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் விலை இறங்கும். வாழைத்தார் உராய்ந்து கறுக்கும். இவை ஒருநாள் நஷ்டம். உதறலை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஓட்டினால், ஒரு நாள் வண்டிக்கு அடியில் சுழலும் இரும்புத் தண்டு நடுச்சாலையில் கழன்று விழக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

உதறல் என்றதும் பெரும்பாலோர் முதலில் போவது டயர் கடைக்கு. சக்கரங்களுக்கு அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பார்த்துப் பணம் கொடுத்த பிறகும் உதறல் போகாது. அடுத்து எஞ்சின் மேல் சந்தேகம் வரும், நாசில் கழற்றப்படும். கடைசியில் யாராவது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், சில நூறு ரூபாய் பெறுமான ஒரு கிராஸ் தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். நெற்பயிர் மஞ்சளாகிவிட்டது என்று காரணம் பாராமல் யூரியா போடுவதைப் போன்றதுதான் இதுவும். மஞ்சள் நிறம் தழைச்சத்துக் குறைவாலும் வரலாம். வடியாமல் தேங்கிய நீராலும் வரலாம். உதறலும் அப்படியே. எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த பிறகுதான் சாமானைக் கழற்ற வேண்டும். அதை அறிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரமும், உடன் ஓர் ஆளும் போதும்.

சக்தி போகும் வழி

சுமை ஏற்றும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கரங்களால் தள்ளப்படுபவை. எஞ்சின் முன்பக்கம் அல்லது இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து புரொப்பல்லர் ஷாப்ட் எனப்படும் நீண்ட குழாய்த் தண்டு வழியாகப் பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டிக்கும், கடைசியாகச் சக்கரங்களுக்கும் போய்ச் சேருகிறது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில் இந்த நீண்ட தண்டு கிடையாது. ஆகவே, காரில் வந்த உதறலுக்கு அடுத்த தோட்டத்துக்காரர் செய்த வைத்தியம் பிக்கப் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இந்த வழியில் உள்ள பாகங்கள் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் உள்ள சக்கரம், வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 475 முறை சுழலும். விநாடிக்கு 8 முறை என்று கொள்ளலாம். பின் அச்சின் பல் விகிதம் நாலரை என்றால், அதே நேரத்தில் தண்டு விநாடிக்கு 35 முறைக்கு மேல் சுழலும். தண்டின் மூட்டு கெட்டிருந்தால் அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். அதாவது விநாடிக்கு 70 முறை.

எனவே சக்கரத்தில் உள்ள குறை கைகளால் எண்ணிவிடலாம் போன்ற ஆட்டமாகத் தெரியும். தண்டில் உள்ள குறை வேகத்தில் ரீங்காரமாக, தரைத்தகடு வழியே உள்ளங்காலில் ஏறும். அதே தண்டின் மூட்டுக் குறை, வண்டி புறப்படும்போது, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், விநாடிக்குப் பதினெட்டு முறை என்ற கணக்கில் இருக்கையையே உலுக்கும். புறப்படும்போது உதறி, வேகம் பிடித்ததும் அடங்கிவிட்டது போலத் தோன்றும் வண்டிகளின் ரகசியம் இதுதான். அது அடங்கிவிடவில்லை, உதறல் ரீங்காரமாக மாறிவிட்டது.

மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு வண்டி நகர வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே அதே உதறல் வந்தால் தண்டும் சக்கரமும் குற்றமற்றவை. எஞ்சின், அதைத் தாங்கும் ரப்பர்கள், டீசல் வரும் வழி ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கிறது. இங்கே ஒரு விஷயம்: 2005-ல் வந்த டாடா ஏஸ் போன்ற இரண்டு சிலிண்டர் வண்டிகள் குறைந்த வேகத்தில் இயற்கையாகவே சற்று நடுங்கும். நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகியவர் அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது சோதனையை ஆள் நடமாட்டம் இல்லாத சமமான நேர்ச்சாலையில் செய்ய வேண்டும். உதறல் வரும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, உதறும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை முழுவதும் மிதிக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் பிரேக்கின் உதவிச் சக்தி குறையும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடலாம். கிளட்சை மிதித்த பிறகும் வண்டி அதே வேகத்தில் உருளும்போது உதறல் தொடர்ந்தால் அது உருள்வதால் வரும் உதறல். சக்கரம், டயர், தண்டின் சமநிலை இவற்றைப் பார்க்க வேண்டும். மிதித்தவுடன் நின்றுவிட்டால் அது இழுப்பதால் வரும் உதறல்.

மூன்றாவது சோதனை இரண்டாவதன் தொடர்ச்சி. இழுக்கும்போது மட்டும் உதறுகிறது என்றால், எஞ்சினா தண்டா என்று பிரிக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் ஒரு முறையும், நான்காவது கியரில் ஒரு முறையும் ஆக்சிலரேட்டரை ஒரே அளவாக அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கியரிலும் அதே 40-ல் அதே விதமாக உதறினால் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள பாகங்களில் குறை. கியர் மாற்றியதும் உதறும் வேகமும் மாறினால், அது எஞ்சின் சுழற்சியைத் தொடர்ந்து போகிறது. முன்பக்கம் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் உட்காருபவர் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. எந்த வேகம், எந்தக் கியர், சுமையுடனா வெறும் வண்டியா, ஏற்றமா சமதரையா என்று நாலு வரி இருந்தால் பட்டறையில் பாதி வேலை முடிந்தது. "வண்டி ஆடுது, பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போவதால்தான் வேண்டாத சாமான்களும் பில்லில் ஏறுகின்றன.

தண்டும் கிராசும்

இழுக்கும்போது மட்டும் உதறும் பிக்கப் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது புரொப்பல்லர் ஷாப்டைத்தான். பின் அச்சு வில்பட்டைகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கியர் பெட்டியோ அசையாது. இரண்டையும் இணைக்கும் தண்டு மடங்கி நிமிர வேண்டும், அதே சமயம் சுழலவும் வேண்டும். இதற்காகத்தான் தண்டின் முனைகளில் கூட்டல் குறி வடிவத்தில் கிராஸ் வைத்திருக்கிறார்கள். அதன் நான்கு முனைகளிலும் கிண்ணம் போன்ற மூடிகளுக்குள் ஊசி போன்ற உருளைகள் வரிசையாக இருக்கும். கிரீஸ் வற்றினால் அந்த ஊசிகள் துருப்பிடித்துப் பொடியும்; கிராசின் முனையில் பள்ளம் விழும்.

வண்டிக்கு அடியில் போகுமுன் இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்யலாம். ஓடி வந்த வண்டியானால் புகைக்குழாய் ஆறும்வரை பொறுக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க, கியரில் விட்டு, கட்டை வைத்துவிட்டு, கிராசின் ஒருபக்கக் கவையை ஒரு கையாலும் மறுபக்கத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். பிறகு மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கிராசில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இராது. மூடிகளைச் சுற்றிச் செம்மண் போல மெல்லிய துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசிகள் வற்றிவிட்டன என்று பொருள். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது 'டக்' என்று அடியில் ஒரு சத்தம் கேட்பதும் இதன் அறிகுறியே.

நீளமான வண்டிகளில் தண்டு இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு சென்டர் பேரிங் அதைச் சட்டத்தோடு தாங்கி நிற்கும். பேரிங்கைச் சுற்றி ரப்பர் வளையம் உண்டு. வெயில், எண்ணெய், வயல்சேறு எல்லாம் பட்டு அந்த ரப்பர் கிழிந்துவிட்டால், சுமையோடு புறப்படும் ஒவ்வொரு முறையும் தண்டின் நடுப்பகுதி துள்ளும். சிறு கடப்பாரையால் தண்டை நடுவில் நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசாக அமுங்கி மீள்வது சரி. தொளதொளவென்று ஏறி இறங்கினால் வளையம் போய்விட்டது. பேரிங் நன்றாக இருக்கிறதே என்று ரப்பரை மட்டும் கம்பி வைத்துக் கட்டி ஓட்டுவது உண்டு. அது ஒரு நடைக்குத் தாங்கலாம். கம்பி அறுந்தால் தண்டையே காவு வாங்கும்.

விவசாயிகளின் வண்டிக்கே உரிய இன்னொரு காரணம், பட்டறைப் புத்தகங்களில் எளிதில் கிடைக்காதது: தண்டில் சுற்றிக்கொள்ளும் பொருள்கள். உளுந்து, கொள்ளுச் செடிகளைச் சாலையில் பரப்பி வண்டிகள் ஏறி மிதிக்க விடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதன் மேல் ஓடும்போது கொடி தண்டில் சுற்றிக் கயிறு போல இறுகிவிடும். பெட்டி கட்டும் நைலான் கயிறும் இப்படியே. சுற்றிய பொருள் தண்டின் சமநிலையைக் கெடுத்து உதறலை உண்டாக்கும். காய்ந்த செடியாக இருந்தால் உராய்வில் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. கத்தியால் அறுத்து எடுத்துவிட்டால் செலவில்லாமல் வைத்தியம் முடிந்தது. தண்டின் மேல் ஒட்டிக் காய்ந்த களிமண்ணையும் சுரண்டிவிட வேண்டும். குழாயில் நசுங்கல் இருந்தாலோ, அதன் மேல் ஒட்டியிருந்த சிறு எடைத்தகடு விழுந்த அடையாளம் தெரிந்தாலோ, தண்டைக் கழற்றிச் சமநிலை பார்க்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

கூடுதல் பட்டை போட்ட வண்டி

"வெறும் வண்டியாகப் போனால் உதறுகிறது, சுமை ஏற்றினால் நின்றுவிடுகிறது" என்று சில விவசாயிகள் சொல்வார்கள். கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆனால் அதில் முழு நியாயம் இருக்கிறது.

வாங்கிய புதிதில் வண்டி சுமைக்குத் தாழ்கிறது என்று கருதி, பின் ஸ்பிரிங்கில் ஓரிரு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவது நாட்டுப்புறத்தில் சாதாரணம். இதனால் வெறும் வண்டியின் பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தண்டின் சாய்வு ஏறத்தாழ 2 பாகை கூடும். இரண்டு பாகைதானே என்று தோன்றும். கிராசின் குணம் அப்படிப்பட்டதல்ல. சாய்ந்த நிலையில் சுழலும் கிராஸ், சக்தியைச் சீராகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டி, இரண்டு முறை குறைத்துக் கொடுக்கிறது. சாய்வு 3 பாகை இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. சாய்வு 10 பாகையானால் நூற்றில் ஒன்றரைப் பங்காகிவிடும். சாய்வு மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடினால் உதறல் பதினொரு மடங்கு கூடுகிறது.

இதைச் சமாளிக்கத்தான் தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் வைத்து, ஒன்றின் கோணலை மற்றொன்று நேர் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். இரு பக்கச் சாய்வும் சமமாக இருந்தால்தான் இது நடக்கும். பட்டை ஏற்றும்போது பின் அச்சு சற்றே திரும்பிவிட்டால் இரண்டும் சமமாக இரா. மேலும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரங்கள் முன்னே உருள, பின் அச்சின் மூக்கு எதிர்த்திசையில் மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் சாய்வுகள் மாறுகின்றன. காலை எடுத்ததும் மூக்கு இறங்கி உதறல் நிற்கிறது. சுமை ஏறினால் பட்டை தாழ்ந்து, சாய்வு பழைய நிலைக்கு வருவதால் உதறல் மறைகிறது.

இப்படிப்பட்ட வண்டிக்குக் கிராசை எத்தனை முறை மாற்றினாலும் சில மாதங்களில் பழைய கதைதான். கூடுதல் பட்டையைக் கழற்றி, கம்பெனி கொடுத்த எண்ணிக்கையில் விடுவதே நேரான வழி. பட்டை இருந்தே தீர வேண்டுமென்றால், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே சரியான அளவில் சாய்வு ஆப்பு வைத்து மூக்கை நேர் செய்யத் தெரிந்த பட்டறைக்குப் போக வேண்டும். கழற்றிய பட்டை வீணாகாது. அரிவாள் அடிக்கக் கொல்லர்கள் விரும்பிக் கேட்கும் இரும்பு அது.

உண்மையில் பட்டை சேர்ப்பதால் வண்டியின் தாங்கும் சக்தி கூடிவிடுவதில்லை. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே. பதிவுச் சான்றில் வெறும் வண்டி எடையும், சுமையோடு சேர்ந்த மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஆட்களையும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியும். ஐம்பது பெட்டி, பெட்டி 14 கிலோ என்றால் 700 கிலோ. பெட்டியின் எடை தனி, உடன் வரும் ஆட்களின் எடை தனி.

ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு வடிவ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே உதறல் வரும். போல்ட்டுக்கு அருகில் இரும்பு உராய்ந்து பளபளப்பாகவோ துருவாகவோ தெரிந்தால் அது தளர்ந்ததன் அடையாளம். இதை முறுக்கி இறுக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பட்டைகளை நடுவில் பிணைக்கும் போல்ட் உள்ளே முறிந்திருந்தால் அச்சே இடம் மாறியிருக்கும், அதைப் பட்டறையில்தான் சரிசெய்ய முடியும்.

எஞ்சின் பக்கம் குறை என்றால்

எஞ்சின் குறையால் வரும் உதறலுக்கு ஒரு தனி முகம் உண்டு. உதறலோடு இழுவையும் குறையும். ஏற்றத்தில் வண்டி முக்கும். வெட்டி வெட்டி இழுக்கும். புகை நிறம் மாறும். தண்டின் குறையில் வண்டி உதறினாலும் இழுவை குறையாது. இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று சரியாக எரியாவிட்டால் பாதி சக்தி போய்விடும் என்பதால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும்.

டீசல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பில்டர். அடைத்த பில்டர், மெதுவாக ஓடும்போது போதுமான டீசலைக் கொடுக்கும், அழுத்தும்போதுதான் பற்றாக்குறை. அடியில் திருகு உள்ள பில்டரானால், கண்ணாடிக் குவளையில் சிறிது வடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் கனமானது, டீசலுக்குக் கீழே தனியாகத் தங்கிவிடும். மோட்டார் கொட்டகையில் கேனில் டீசல் வைத்திருந்து, அவசரத்துக்கு வண்டியில் ஊற்றும் விவசாயிகளின் வண்டிகளில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கேனை அசைக்காமல் மேலாக எடுத்து ஊற்றி, அடியில் உள்ள இரண்டு விரற்கடை டீசலை விட்டுவிட வேண்டும். பில்டர் மாற்றியபின் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால், மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாக வெட்டும். பெட்ரோல், இயற்கை எரிவாயு வண்டிகளானால் பில்டரோடு தீப்பொறிப் பிளக்கையும் பார்க்க வேண்டும். பிளக்கின் பலவீனமும் அழுத்தி இழுக்கும்போதுதான் வெளிப்படும்.

ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பம்ப் வகை டீசல் எஞ்சின்களில், எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் இருக்கும். மயிரிழை இடைவெளியில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் கையையே இழக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கருவி வைத்துக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் பிய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது எளிது. பழக்கமுள்ள ஒருவர் கைபிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்தபடி, முதல் கியரில் கிளட்சை மிக மெதுவாகச் சிறிதளவு விட, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் சற்றே சாய்வது இயல்பு. ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தால் ரப்பர் போய்விட்டது.

நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடும் நேரத்தில் மட்டும் உதறி, கால் முழுவதும் எடுபட்டதும் நின்றுவிட்டால் கிளட்ச் தட்டில்தான் குறை. சூடேறிப் பளபளப்பாகியிருக்கும், அல்லது எஞ்சினின் பின் சீலிலிருந்து கசியும் எண்ணெய் அதில் பட்டிருக்கும். எண்ணெய் கசிவை நிறுத்தாமல் தட்டை மட்டும் மாற்றினால் பணம் வீண். வரப்பு ஏற்றத்தில் சுமையோடு நிற்கும்போது, பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் தட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சக்கரத்தில் வரும் குறைகள் எல்லோரும் அறிந்தவையே. அதில் விவசாயிகளுக்கு ஒன்று மட்டும். சேற்று வயலிலிருந்து வந்த வண்டியில் ரிம்மின் உட்புறம் களிமண் அப்பிக் காய்ந்திருக்கும். வெளிப்புறத்தைக் கழுவியதோடு விட்டுவிட்டால், அந்த மண்ணே சக்கரத்தைச் சமநிலை இழக்கச் செய்யும். உட்புறத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகும் ஆட்டம் இருந்தால்தான் டயர் கடை. டயரில் வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் சுமை ஏற்றக் கூடாது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

தண்டைக் கழற்றுமுன், அதன் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் எல்லாம் பெயிண்டால் நேர்கோடு போட்டுவிட வேண்டும். தண்டின் நடுவில் நீண்டு சுருங்கும் பல்லுள்ள உறை ஒன்று உண்டு. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் நிற்காது. புதுக் கிராஸ் போட்டும் உதறல் கூடிவிடும். "நேற்று மாற்றினேன், இன்று முன்னைவிட மோசம்" என்ற புகாருக்குக் காரணம் பல சமயம் இந்த ஒரு பல்தான்.

புதுக் கிராசைச் சுத்தியலால் ஓங்கி அடித்து ஏற்றும்போது, மூடிக்குள் உள்ள ஊசி ஒன்று சாய்ந்து அடியில் படுத்துவிடலாம். மாட்டி முடித்ததும் மூட்டு இரண்டு பக்கமும் கையாலேயே தடையில்லாமல் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் தண்டை வண்டியில் ஏற்ற விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் கழற்றிப் பார்க்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கமும் நல்லது.

தண்டு கழற்றப்பட்டிருக்கும்போது கியரில் விட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் வண்டியைச் சரிவில் நிறுத்தக் கூடாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே இல்லை. கைபிரேக்கோடு கட்டையும் அவசியம்.

சந்தைக்குப் போகும் வழியில் உதறல் திடீரென்று அதிகமாகி, அடியில் இரும்பு மோதும் சத்தம் கேட்டால், எத்தனை பெட்டி ஏற்றியிருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். முன்முனைக் கிராஸ் முறிந்து தண்டு தரையில் குத்தினால் ஓடும் வண்டியைத் தூக்கிப் புரட்டும் வேகம் அதற்கு உண்டு. சுமையை வேறு வண்டிக்கு மாற்றும் கூலி அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றினாலும் கொடுத்துவிடுவதே லாபம்.

மாட்டு வண்டி இருந்த காலத்தில் அச்சுக்கு மை போடாமல் சந்தைக்குப் புறப்பட மாட்டார்கள். பிக்கப் வண்டியின் கிராசுக்கும் அதே போல ஒரு முறை வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள வகையானால், நான்கு மூடிகளின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த மூடியில் வழி அடைத்திருக்கிறது. அந்தக் கிராசின் ஆயுள் அதிக நாள் இல்லை. நிப்பிள் இல்லாமல் மூடப்பட்டு வரும் வகைக்குக் கிரீஸ் இட முடியாது. ஆட்டம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஓடை, சேறு, தேங்கிய மழைநீர் வழியே போய் வந்தால் அதற்கு முன்பே இட வேண்டும். கிரீஸ் இட்ட தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வைத்தால், வண்டியை யார் எடுத்தாலும் கண்ணில் படும்.